விண்ணப்பதாரர் உயரம் நூற்றிருபது மீட்டர்

தரையில் நின்று ஓர் ஏரியைப் பார்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கண்ணைத் திறந்தால் போதும். அதே ஏரியை நூற்றிருபது மீட்டர் உயரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் நாற்பத்து மூன்று பேர் சம்மதிக்க வேண்டும் என்று ஓர் அலுவலகம் சொல்கிறது. அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூட அந்த ஏரியை எந்த உயரத்திலிருந்தும் பார்த்ததில்லை. எனக்கு இதைக் கேட்டபோதே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்தக் கதைக்கு உரியவரான போட்டோக்காரருக்குக் கோபமே வரவில்லை. அவர் சுபாவம் அப்படி.

போட்டோக்காரருக்குக் கடைத்தெருவில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் அளவுப் படம்தான் பிழைப்பு. ஒரு வெள்ளைச் சுவர், ஒரு ஸ்டூல், "காது தெரியணும், சிரிக்காதீங்க, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்ற மூன்று கட்டளைகள். இருபத்திரண்டு வருடமாக இவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய காதுகள் அவருக்கு அத்துப்படி. ஒருத்தருடைய சிரிப்பும் தெரியாது.

போன மாதம் அவர் ஒரு டிரோன் வாங்கினார். வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நின்று அதை மேலே விட்டார். கோடையில் தண்ணீர் வற்றி ஏரியின் முக்கால்வாசி சேறாகக் கிடந்தது. கரையில் நின்றால் சேறு மட்டும்தான் தெரியும். டிரோன் நூற்றிருபது மீட்டர் போனதும் கையிலிருந்த ஸ்கிரீனில் ஒரு மரம் தெரிந்தது. ஏரி முழுக்க ஒரே மரம். மிச்சமிருந்த தண்ணீர் சேற்றை அறுத்துக்கொண்டு ஓடிய வாய்க்கால்கள்தான் அடிமரமாகவும் கிளையாகவும் சுள்ளியாகவும் பிரிந்து வெயிலில் மின்னின. ஓர் இலைகூட இல்லாத வெள்ளி மரம். போட்டோக்காரர் வாயைப் பிளந்து நின்றார். பட்டனை அமுக்க ஞாபகம் வந்தபோது பேட்டரி தீர்ந்து டிரோன் தானாகவே இறங்கிவிட்டது.

வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார். அவள் துணிக்கடையில் காசாளர், ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவள்.

"படம் எங்க?"

"எடுக்க மறந்துட்டேன்."

"பத்து செகண்ட் பாத்ததைப் பத்து வருஷம் சொல்லிக்கிட்டு இருக்கப் போறீங்க. நாளைக்குப் போய் எடுத்துட்டு வாங்க. நானும் பாக்கணும்ல?"

மறுநாளே எடுத்திருக்கலாம். டிரோன் பெட்டியின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு இருந்ததுதான் வினை. பறக்கவிடும் முன் வான்காட்சி ஒழுங்குமுறை அலுவலகத்தில் அனுமதி பெறவும் என்று அதில் போட்டிருந்தது. வேறு யாராவது என்றால் சீட்டை மடித்துப் பல் குத்தியிருப்பார்கள். இவரோ மூன்று கட்டளை போட்டு ஊரையே அடங்கி உட்காரவைத்தவர். தானும் அடங்க வேண்டும் என்று நினைத்தார். பதினைந்து நாளில் மழை தொடங்கிவிடும், ஏரி நிரம்பிவிடும். அடுத்த வருடம் படகுத்துறை கட்டுவதற்காக ஏரியின் அடியைச் சமப்படுத்தப் போகிறார்கள். அதற்குப் பிறகு அந்த மரம் ஜென்மத்துக்கும் கிடையாது. வெள்ளைச் சுவரையே பார்த்த மனிதர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அந்த ஒரு படத்துக்குத்தான். பதினைந்து நாள் ஏராளம் என்று கணக்குப் போட்டார் பாவம்.

அந்த அலுவலகத்தை எல்லோரும் மேலாபீஸ் என்பார்கள். ஐந்து மாடிக் கட்டடம். விண்ணப்பம் வாங்கும் இடம் மட்டும் தரைக்குக் கீழே, வண்டி நிறுத்தும் தளத்தில். அங்கிருந்து ஃபைல் பதவி வாரியாக மாடி மாடியாக ஏறும். லிஃப்ட் ஃபைலுக்கு மட்டும்தான்.

கீழ்த்தளத்து எழுத்தர் அம்மா நல்ல மாதிரி. ஃபாரத்தை வாங்கி வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் நின்று அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஃபாரத்தைப் பார்த்தார்.

"உயரம் நூத்திருபது மீட்டர்னு போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"உக்காந்திருக்கறப்பவா, நிக்கறப்பவா?"

அது விண்ணப்பதாரரின் உயரத்துக்கான கட்டம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அடித்து எழுதுகிறேன் என்றார். அடித்தல் திருத்தல் உள்ள விண்ணப்பம் செல்லாது, புது ஃபாரம் மூன்று வாரம் கழித்துத்தான் வரும் என்றார் அந்த அம்மா. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். பக்கத்தில் "விண்ணப்பதாரர் கூறியபடி" என்று பச்சை மையில் எழுதினார். இன்றுவரை அரசாங்கப் பதிவேட்டில் நம் போட்டோக்காரரின் உயரம் நூற்றிருபது மீட்டர்தான்.

"டிரோனோட போட்டோ ரெண்டு காப்பி வேணும் சார். நேர்முகமா, வெள்ளைப் பின்னணியில, ரெண்டு காதும் தெரியறமாதிரி."

"டிரோனுக்குக் காது இல்லையே மேடம்."

"காது இல்லாதவங்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கேப்பாங்க. பாத்துக்கங்க."

போட்டோக்காரர் ஸ்டுடியோவுக்குப் போய் டிரோனை ஸ்டூல் மேல் வைத்தார். பழக்க தோஷத்தில் சிரிக்காதே என்று அதனிடமும் சொன்னார். இரண்டு பக்கமும் இறக்கைகள் விரிந்து நின்றது பார்ப்பதற்குக் காது மாதிரியே இருந்ததால் படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதில் நான்கு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் மூன்றாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இருந்தவர் கண்காணிப்பாளர். அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியில் ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தில் ஒரு வார்த்தையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார். நோக்கம் என்ற இடத்தில் போட்டோக்காரர் அழகாக எழுதியிருந்தார்: ஏரியில் தெரியும் இலையற்ற மரத்தின் மேற்பார்வைப் படம் எடுக்க.

"மேற்பார்வையா?"

"ஆமாங்க ஐயா. மேல இருந்து பாக்கற படம்."

"மேற்பார்வை பாக்க உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது? அதுக்கு நான் பன்னெண்டு வருஷம் காத்திருந்தேன். பதவி உயர்வுல வரணும் அது."

"நான் சொல்றது வேறங்க ஐயா. மேல, பார்வை. அவ்வளவுதான்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். இதுமாதிரி ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் என்று முகம் சொன்னது. "பார்வை வேற, மேற்பார்வை வேற. இருபத்தாறு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு இடத்தையும் நான் நேர்ல போய்ப் பாத்தது கிடையாது. பாத்துட்டா அது வெறும் பார்வை ஆயிடும். பாக்காமலே எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடறோம் பாருங்க, அதுதான் மேற்பார்வை. அந்தத் தைரியம் எல்லாருக்கும் வராது."

அந்த வார்த்தையை எடுத்துவிடலாமா என்று போட்டோக்காரர் கேட்டார். எடுக்க முடியாது, அது ஏற்கனவே இரண்டாம் மாடியில் பதிவாகிவிட்டது. பதிவான வார்த்தைக்கு ஏற்ற ஆளைக் கொண்டுவருவதுதான் முறை. எனவே மூன்று நாள் ஆலோசித்து, சம்பளமில்லாத அடிப்படையில் போட்டோக்காரரையே அந்த ஏரிக்கு மேற்பார்வையாளராக நியமித்து உத்தரவு போட்டார்கள். ஒரு வட்ட முத்திரையும் கொடுத்தார்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார்.

"போட்டோ எங்கங்க?" என்றாள் அவள்.

சிக்கல் மறுநாள்தான் பெரிதானது. மேற்பார்வையாளர் கருவியைக் கையால் தொடக்கூடாது, வேலை செய்யக் கீழ்நிலை ஊழியர் ஒருவர் வேண்டும். அப்படி யாரும் இல்லாததால் டிரோனையே கீழ்நிலை ஊழியராகக் காட்டி ஃபைலை மேலே அனுப்பினார்கள். ஐந்தாம் மாடியில் இயக்குநர் அதைப் படித்துவிட்டு மணியை அடித்தார். கட்டடமே எழுந்து நின்றது. போட்டோக்காரரை உடனே வரச்சொன்னார்கள்.

இயக்குநர் அறையில் நாற்காலி ஒரு மேடைமேல் போட்டிருந்தது. தலைக்கு மேலே நான்கு விளக்குகளில் மூன்று எரியவில்லை.

"உக்காருங்க. இந்தத் துறை ஆரம்பிச்சு முப்பத்தோரு வருஷம் ஆச்சு. எங்க அனுமதியோட இதுவரைக்கும் ஒரு பொருள்கூட மேல போனதில்ல. அதனால ஒரு பொருள்கூட கீழ விழுந்ததும் இல்ல. இப்படி ஒரு பாதுகாப்பு வேற எந்தத் துறையிலயாவது இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"ஒன்பதாம் விதி என்ன சொல்லுது தெரியுமா? கீழ்நிலை ஊழியர் எக்காரணம் கொண்டும் மேலதிகாரியைவிட உயரமான இடத்துல இருக்கக்கூடாது. விளக்கு மாத்தற பையன் ஸ்டூல் மேல ஏறினா என்னைவிட ஒசந்துடறான். அதனால பதினோரு வருஷமா இந்தக் கட்டடத்துல யாரும் ஸ்டூல் மேல ஏறினது கிடையாது. இருட்டுல உக்காந்திருக்கேன், ஆனா விதிக்கு உட்பட்டு உக்காந்திருக்கேன். இப்ப உங்க டிரோன் நூத்திருபது மீட்டர் போனா, அன்னைக்கு இந்தத் துறைக்கு மேலதிகாரி யாரு? நானா, அதுவா?"

மழைக்கு இன்னும் நான்கே நாள். இருபத்திரண்டு வருடத்தில் போட்டோக்காரர் யாரிடமும் கெஞ்சியதில்லை, இப்போது கெஞ்சினார். "ஐயா, ஒரே ஒரு படம். அடுத்த வருஷம் அது இருக்காது. நான் வேற எதுவும் கேக்கல."

இயக்குநர் இரங்கவில்லை. விதிதான் இரங்கியது. கீழ்த்தளத்து எழுத்தர் அம்மா ஃபைலில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ஏரிக்கரைக் குன்றின் உயரம் நூற்று முப்பது மீட்டர். இயக்குநர் அதன் உச்சியில் அமர்ந்தால் டிரோன் அவருக்குப் பத்து மீட்டர் கீழே அடக்கமாக இருக்கும். இயக்குநர் அந்தக் குறிப்பை இரண்டு தரம் படித்துவிட்டு, இது தனக்கு முன்னமே தோன்றியது என்றார். அவர் போனால் அவருக்கு அடுத்தவர் ஒரு படி கீழே இருக்க வேண்டும், அவருக்கு அடுத்தவர் இன்னொரு படி கீழே. ஆக மொத்தத் துறையும் குன்றுக்குப் போவதென்று முடிவாயிற்று. அதற்கு முதல் நாள் தல ஆய்வு.

தல ஆய்வு என்றால் நேரில் ஏரிக்குள்ளேயே இறங்கிவிடுவார்களே என்று போட்டோக்காரர் பயந்தார். அவர் பயந்தபடியே நடந்தது. மேலிருந்து பார்க்கக்கூடாதது எதுவும் ஏரியில் இல்லை என்று உறுதி செய்ய நாற்பத்து மூன்று பேர் ஜீப்புகளில் வந்து இறங்கினார்கள். ஷூ காலோடு சேற்றில் இறங்கி நடந்தார்கள். அளக்கும் நாடா பிடித்தவர்கள், குறிப்பெடுப்பவர்கள், குறிப்பெடுப்பவருக்குக் குடை பிடிப்பவர்கள்.

"ஐயா, நடக்காதீங்க, படமே அதுதான்" என்று போட்டோக்காரர் பின்னாலேயே ஓடினார்.

"எது படம்? இங்க சேறுதான இருக்கு?" என்றார் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ஓர் இடத்தை நேரில் பார்க்கிறார், அதில் வேறு கொஞ்சம் கிளுகிளுப்பாக இருந்தார். சாக்ஸ் நனையக்கூடாது என்பதால் யாரும் வாய்க்காலில் கால் வைக்கவில்லை. வாய்க்கால் கரைகளில் மேலும் கீழுமாக மூன்று மணி நேரம் நடந்தார்கள். ஆட்சேபகரமான பொருள் ஏதுமில்லை, காலடித் தடங்கள் மட்டும் காணப்படுகின்றன, அவை யாருடையவை என்று தெரியவில்லை என்று அறிக்கை எழுதிக்கொண்டு போனார்கள்.

போட்டோக்காரர் கரையில் உட்கார்ந்தார். கண்ணுக்கு எட்டியவரை ஷூ தடம். அன்று அவர் வீட்டில் சாப்பிடவில்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விடுங்க. நீங்க பாத்தீங்கன்னா பாத்ததுதான். நான் நம்பறேன்."

படம் இல்லாமலே அவள் நம்பியது அவருக்கு இன்னும் அழுகையாக வந்தது. வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது.

விடிந்ததும் தூறல் நின்று வெயில் அடித்தது. போட்டோக்காரர் போகவே விரும்பவில்லை. மேற்பார்வையாளர் வராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று ஆள் அனுப்பினார்கள், போனார். குன்றின் உச்சியில் இயக்குநர் நாற்காலியில் குடையோடு அமர்ந்திருந்தார். அவருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே ஒருவர் என்று பதவி வாரியாகச் சரிவு நெடுகத் துறை நின்றது. சம்பளமில்லாத மேற்பார்வையாளருக்குத் தருமசங்கடமான ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள், ஒரு பாறை இடுக்கில். ஏரியில் எழுத்தர் அம்மா மட்டும் டிரோனைத் தரையில் வைத்துவிட்டுச் சௌகரியமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அவரைவிடக் கீழே யாரும் இல்லாததால் அவருக்கு எந்த விதியும் பொருந்தவில்லை. ஊழியருக்குக் கட்டளை தரும் சாதனம் என்று ரிமோட்டைக் காட்டியிருந்ததால் அதைப் போட்டோக்காரர் தொடலாம் என்றும் ஆகியிருந்தது.

"ஒரே ஒரு படம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். டிரோன் எழும்பியது. ஐம்பது, எண்பது, நூறு. போட்டோக்காரர் மனமில்லாமல் ஸ்கிரீனைப் பார்த்தார்.

மரம் அப்படியே இருந்தது. வாய்க்காலில் யாரும் கால் வைக்காததால் ஒரு கிளைகூட ஒடியவில்லை. ஆனால் மொட்டையாக இருந்த மரம் இப்போது துளிர்த்திருந்தது. ஒவ்வொரு ஷூ தடத்திலும் தூறல் தண்ணீர் தேங்கி வெயிலில் பளபளத்தது. நாற்பத்து மூன்று பேர் மூன்று மணி நேரம் நடந்த தடங்கள் எல்லாக் கிளையிலும் ஆயிரக்கணக்கில் இலையாகத் தொங்கின. அடிக்கிளையில் தனியாக அகலமாகத் தெரிந்தவை இயக்குநருடையவை, பதினோராம் நம்பர் ஷூ. போட்டோக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறை பட்டனை மறக்கவில்லை. அமுக்கினார்.

அமுக்கிய அதே நொடியில் மேலே கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. ஈரத்தில் இயக்குநரின் நாற்காலி வழுக்கியது. நாற்காலியோடு அவர் கீழே வரத் தொடங்கினார், கையில் குடை விரித்தபடி, மிகவும் நிமிர்ந்த நிலையில். துணை இயக்குநரைத் தாண்டினார். மேலதிகாரி தனக்குக் கீழே போய்விட்டதைக் கண்ட துணை இயக்குநர் ஒன்பதாம் விதியை நினைத்துத் தானும் சறுக்கினார். கண்காணிப்பாளர் சட்டையைச் சரிசெய்துகொண்டு சறுக்கினார். தன்னைத் தாண்டிப் போன மேலதிகாரிக்குக் கீழே போய்விட வேண்டுமே என்று ஒவ்வொருவரும் பதறி உருள, உருண்டவரைத் தாண்டி மற்றவர் உருள, அரை நிமிடத்தில் துறை முழுவதும் ஏரிச் சேற்றுக்கு வந்து சேர்ந்தது. அங்கும் விதி விடவில்லை. இயக்குநர் சேற்றில் மல்லாந்து கிடந்ததால் அவரைவிட உயரமாக யாரும் எழுந்து நிற்க முடியவில்லை. அவரைத் தூக்கிவிடுவதற்கும் ஆள் இல்லை.

கல்லில் உட்கார்ந்திருந்த எழுத்தர் அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயா, நீங்க முதல்ல எழுந்திரிச்சாத்தான் மத்தவங்க எழுந்திரிக்க முடியும்."

"எழுந்திரிக்க ஆர்டர் போட்டு மேல அனுப்புங்க" என்றார் இயக்குநர், வானத்தைப் பார்த்தபடி. மேலே டிரோன் மட்டும்தான் இருந்தது. மத்தியானம் நிஜ மழை பிடித்துக்கொண்ட பிறகு அவரே எழுந்தார்.

ஒரு மாதம் கழித்து ஸ்டுடியோவுக்கு மேலாபீஸிலிருந்து தபால் வந்தது. போட்டோக்காரர் பிரித்தார். விண்ணப்பத்தில் இலையற்ற மரம் என்று குறிப்பிட்டிருக்க, சமர்ப்பித்த படத்தில் தோராயமாக எட்டாயிரம் இலைகள் காணப்படுகின்றன என்றும், அனுமதியின்றி இலை சேர்த்த குற்றத்துக்காகப் படம் ஏன் பறிமுதல் செய்யப்படக்கூடாது என்றும் கேட்டிருந்தார்கள். மனைவி அதை வாங்கிப் படித்தாள். காசாளர் அல்லவா, கடைசி வரி வரை படிப்பாள்.

"ஏங்க, இங்க பாருங்க. மேல்முறையீடு செய்ய வேண்டிய அதிகாரி, சம்பந்தப்பட்ட ஏரியின் மேற்பார்வையாளர்னு போட்டிருக்கு."

"அதுக்கு?"

"அது நீங்கதான். உங்களை நீக்கி இன்னும் ஆர்டர் வரல."

போட்டோக்காரர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பிறகு தனக்குத்தானே ஒரு மேல்முறையீடு எழுதினார். எழுதியதைத் தானே வாங்கிப் படித்தார். மேசை டிராயரிலிருந்து வட்ட முத்திரையை எடுத்தார். மேல்முறையீட்டின் அடியில் எழுதினார்: மேலே இருந்து பார்த்தேன். இலைகள் அனைத்தும் துறைக்குச் சொந்தமானவை. எல்லாம் சரியாக இருக்கிறது. முத்திரையைக் குத்தினார். இன்றுவரை அந்த உத்தரவை யாரும் மறுத்து எழுதவில்லை. அதற்கு மேலே பார்க்க அவர்களுக்கு ஆள் இல்லை.

படத்தைப் பெரிதாகப் போட்டு வெள்ளைச் சுவரில் மாட்ட வேண்டும் என்றாள் மனைவி. இனி பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணி எங்கே என்று அவர் கேட்டார். பக்கத்துச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொள்ளலாம் என்றாள். மாட்டிப் பார்த்தபோது தாழ்வாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் மேல மாட்டுங்க."

போட்டோக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். யாரையும் கேட்காமல் ஏறி நின்றார்.